தேவாலயத்தையே நீலமாக்கிய பால்

ஒரே ஒரு டப்பா பாலை வைத்து ஒரு தேவாலயம் முழுவதன் பற்களையும் நீலமாக்கியவன் நான். பாதிரியார் பிர்கிட்டே, ஆர்கன் வாசிப்பவர், கைக்குழந்தைகள், பல்லே இல்லாத ஹோல்கர் எல்லாரும் அதில் அடக்கம். நம்பாதவர்கள் டென்மார்க்கிலுள்ள எங்கள் யுட்லாந்துக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

டிசம்பர் பிறந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சுவரடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மரக்கதவு முளைத்துவிடும். அதன் வழியே சிவப்புக் குல்லா போட்ட குட்டிக் கிழவன் நிஸ்ஸே வந்து, பிள்ளைகள் தூங்கும்போது காலணிக்குள் உருளைக்கிழங்கை ஒளிப்பான். பாலில் சாயம் கலப்பான். அதாவது, பெற்றவர்கள் செய்வார்கள். என் மாப்பிள்ளை யெப்பே மட்டும் மாட்டார். பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். தான் ஒரு பொய் சொன்னால் எங்கோ ஒரு பாலம் விழும் என்று நம்புகிறவர்.

அதனால் பேத்தி ஆஸ்தாவின் கதவு சும்மாவே கிடந்தது.

"எல்லார் வீட்டுக்கும் வர்றான் தாத்தா. என்னை மட்டும் அவனுக்குப் பிடிக்கல. நாளைக்குக் காலையில வரலைன்னா கதவைப் பிடுங்கிக் குப்பையில போட்டுடுவேன்" என்று சனிக்கிழமை மாலை அழுதாள்.

"மாப்ளே, ஒரே ஒரு நாள்..."

"இல்லாதவனை இருக்கான்னு என்னால சொல்ல முடியாது மாமா. வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லியே பல்லைப் பிடுங்கினவர் நீங்க. உங்களுக்கு இதெல்லாம் சகஜம்."

ஓய்வு பெற்றாலும் பல் மருத்துவன் பல் மருத்துவன்தான். சரியாகத் துலக்காத பல்லைக் காட்டிக்கொடுக்கும் நீலச் சாயம் இன்னும் என் பையில் இருந்தது. என் வீட்டுக்குக் கிளம்புமுன் அவர்கள் குளிர்பெட்டியிலிருந்த பால் டப்பாவில் முழுப் புட்டியையும் கவிழ்த்தேன்.

மறுநாள் ஆஸ்தா தேவாலயத்துக்கு உர்ரென்று வந்தாள். "வரல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆராதனை முடிந்து, தேவாலயக் கூடத்தில் பிள்ளைகளுக்கான அரிசிக் கஞ்சி பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இளக்குவதற்கு, தான் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்ட பாலை யெப்பே பையிலிருந்து எடுத்தார். அதே டப்பா! நான் வாயைத் திறப்பதற்குள் சாய்த்துவிட்டார்.

கொட்டியது பால் இல்லை, வட கடல்!

யாரோ கரண்டியைத் தவறவிட்டார்கள். யெப்பே டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார், பேயைப் பார்த்தவர் போல.

"எங்க வீட்டுப் பால்! எங்க வீட்டு நிஸ்ஸே!" ஆஸ்தா அலறினாள்.

பாதிரியார் ஒரு வாய் சுவைத்தார். "ருசி மாறல. போடுங்க!" அத்தனை பேரும் தின்றார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யார் யார் ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்பது ஊருக்கே வெளிச்சமாகிவிட்டது. பாதிரியாருக்குக் கடைவாயில் கருநீலம்!

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பையன் மல்தே ஆரம்பித்தான். "நிஸ்ஸேவாவது! உங்கப்பாதான் கலந்திருப்பாரு."

ஆஸ்தாவின் முகம் வாடியது. நேரே போய் அப்பாவின் தாடையைப் பிடித்தாள். "நீ பொய்யே சொல்ல மாட்டியேப்பா. வந்தானா, இல்லையா?"

யெப்பே என் தொப்பையைப் பார்த்தார், என் சிவப்புக் கம்பளிக் குல்லாயைப் பார்த்தார். நான் கூரையை ஆராய்ந்தேன்.

"நான் கலக்கலம்மா" என்றார், ஊரிலேயே மிக நீலமான பற்கள் தெரிய. "நேத்து ஒரு குறும்புக்காரக் கிழவன் நம்ம வீட்டுக்குள்ள வந்துதான் இதைச் செஞ்சிருக்கான். சத்தியமா வந்தான்."