கல்லில் எழுதிய வெள்ளிக்கிழமை

உளவுத்துறை அதிகாரி ஹாஜி முதலில் தேநீர் கொடுத்தார். அந்த அலுவலகத்தில் தேநீர் கொடுத்தால் பதிலுக்கு ஏதோ பிடுங்கப் போகிறார்கள் என்பது ஈரானின் லொரெஸ்தானில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃபரங்கிஸ் கண்ணாடிக் குவளையைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த சித்தப்பா ஹெஷ்மத் மட்டும் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு மடமடவென்று குடித்தார். பயம் வந்தால் அவருக்குத் தாகம் எடுக்கும்.

"சகோதரி, உங்க தம்பி தியாகி," என்றார் ஹாஜி. "வெள்ளிக்கிழமை எதிரியோட ஏவுகணை எங்க கட்டடத்து மேல விழுந்துச்சு. அதுல போயிட்டாரு. நாட்டுக்கே பெருமை."

"என் தம்பி செவ்வாய்க்கிழமையே போயிட்டான்."

"யார் சொன்னது?"

"உங்க ஆளுங்கதான்."

வாயைத் திறந்து யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். செவ்வாய்க்கிழமைகளில் கைதிகளின் வீட்டார் துவைத்த துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்து வாசலில் வரிசையில் நிற்பார்கள். சன்னல் வழியே மூட்டை உள்ளே போகும், அழுக்குத் துணி வெளியே வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை காவலன் ஃபரங்கிஸின் மூட்டையை வாங்கவில்லை. தம்பி சியாமக்கின் மூக்குக்கண்ணாடியை அதன்மேல் வைத்துத் திருப்பித் தள்ளினான். "இனிமே கொண்டு வர வேணாம்," என்றான். பின்னால் வரிசையில் நின்ற இருபது முப்பது பெண்களும் பார்த்தார்கள்.

மூன்று நாள் கழித்து அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் ஏவுகணை விழுந்தது. உள்ளே பலர் செத்தார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்பே செத்து ஐஸில் கிடந்தவர்களையும் அந்தக் கணக்கில் தள்ளிவிட்டார்கள். அடித்துக் கொன்றவர்களுக்கு இதைவிட வசதியாக நண்பன்கூட உதவி செய்திருக்க முடியாது.

சியாமக் செய்த குற்றம் மூன்று வார்த்தை. அவன் மின்சார வேலை பார்ப்பவன். போர் தொடங்கிய அன்று பட்டப்பகலில் விமானங்கள் வந்தபோது ஊரில் சைரன் ஊதவில்லை. ரொட்டிக்கடைச் சந்தில் பதினோரு பேர் செத்தார்கள். மறுநாள் காலை ஓர் அட்டையில் 'சைரன் ஏன் ஊதவில்லை?' என்று எழுதிப் பிடித்துக்கொண்டு ஆளுநர் அலுவலக வாசலில் தனியாக நின்றான். மதியத்துக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஹாஜி காகிதத்தை நகர்த்தினார். இறந்த நாள் வெள்ளிக்கிழமை. காரணம், எதிரியின் தாக்குதல். கையெழுத்துப் போட்டால் உடல் கிடைக்கும், கல்லறைக் கல்லும் அரசாங்கமே வைத்துவிடும். கூட்டம் மட்டும் கூடாது.

"போடலேன்னா?"

ஹாஜி நாற்காலியைத் திருப்பினார். ஹெஷ்மத்தைப் பார்த்துச் சிரித்தார். "உங்க பையன் பேரு கம்ரான் தானே? ராணுவத்துல இருக்கான். கிடங்குல நிழலா வேலை. எல்லையில ஆள் பத்தலன்னு தினமும் கேக்கறாங்க. நான்தான் பாவமேன்னு விட்டு வெச்சிருக்கேன்."

ஹெஷ்மத் குவளையைக் கீழே வைத்தார். "போட்டுடு கண்ணு," என்றார். "அவன் போயிட்டான். இவனாவது இருக்கட்டும்."

அவள் போட்டாள். போட்ட கையை வீடு வரும்வரை முக்காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

எட்டே பேர் நின்று அடக்கம் செய்தார்கள். மினுமினுவென்று கறுப்புக் கல் வந்து சேர்ந்தது. அம்மா எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமைன்னு ஏன்டி இருக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஊர் கேட்டது. ரொட்டிக்கடை வரிசையில் கௌகப் சத்தமாகச் சொன்னாள்: "வழி விடுங்கம்மா, தியாகி வீட்டு ராணி வர்றாங்க! கையெழுத்துப் போட்ட கைக்குச் சூடா ரொட்டி குடுங்கப்பா!" கௌகப்பின் மகன் இன்னும் உள்ளே இருந்தான். அவள் நாக்கு எப்போதுமே கத்திதான், ஆனால் அன்று மற்ற பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கம்ரானைப் பற்றி ஃபரங்கிஸ் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரொட்டி வாங்காமல் திரும்பி வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தம்பியைக் கொன்றவர்களைக் காப்பாற்ற நானே சாட்சி சொல்லிவிட்டேனே என்பதுதான் அவளை அரித்தது. இனி அந்தக் கல்லை யார் படித்தாலும் எதிரிதான் கொன்றான் என்று போவார்கள்.

நாற்பதாம் நாள் துக்கம் நெருங்கியது. ஆட்சிக்கு நாற்பதாம் நாள் என்றாலே பயம். அன்று கல்லறையில் கூட்டம் கூடும், கூட்டத்தைச் சுட்டால் இன்னும் நாலு சாவு, அடுத்து நாலு நாற்பதாம் நாள். அதனால் ஹாஜியே முன்நின்று அறிவிப்புத் தாளை அச்சடித்துச் சுவரில் ஒட்ட வைத்தார்: 'செவ்வாய்க்கிழமை. குடும்பத்தார் மட்டும்.' அன்று விடிந்ததிலிருந்து கல்லறை வாசலில் இரண்டு வண்டி நிறையக் காவலர்கள் நிற்க ஏற்பாடு. வெள்ளியிலிருந்து எண்ணினால் செவ்வாய் சரியாகத்தான் வரும். ஊரை நம்பவைக்க எழுதிய பொய்யை அந்த மனிதரே நம்பிவிட்டார். நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அவன் செத்த செவ்வாயிலிருந்து எண்ணினால், உண்மையான நாற்பது அதற்கு முந்தைய சனிக்கிழமை.

சனிக்கிழமை மதியம் ஃபரங்கிஸ் மாவை வறுத்து, குங்குமப்பூவும் பன்னீரும் விட்டு, செத்தவர்களுக்காகப் பங்கிடும் அல்வாவைக் கிண்டினாள். தட்டை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சித்தப்பா வாசலில் நின்றார்.

"எங்க போற?"

"கல்லறைக்கு."

"நாற்பது செவ்வாய்தானேம்மா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கம்ரான்..." என்றார்.

"தனியாத்தான் போறேன் சித்தப்பா. எனக்காக ஊரா திரண்டு வரப்போகுது? என் மூஞ்சியிலகூட யாரும் முழிக்கறதில்ல."

கல்லறை வாசலில் வண்டி இல்லை, காவலர் இல்லை. உள்ளே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சியாமக்கின் கல்லைச் சுற்றித் தரை தெரியாமல் ஆட்கள். சந்தில் செத்த பதினோரு பேரின் வீட்டார் இருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வந்திருந்தார். முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசைப் பெண்கள், ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு துணி மூட்டை. ஒருத்தி எழுந்து மூட்டையை அவிழ்த்து, துவைத்து மடித்த சட்டை ஒன்றைக் கல்லின்மேல் வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். வெள்ளிக்கிழமை என்ற எழுத்து சட்டைகளுக்கு அடியில் போய்விட்டது.

"நிக்கறா பாரு மரம் மாதிரி," என்றாள் கௌகப். "வாடி, உக்காரு. அன்னைக்கு உன் மூட்டையைத் திருப்பினப்போ உன் முதுகுக்குப் பின்னால நின்னவ நான். எனக்கு நாள் தெரியாதா?"

"அன்னைக்குத் திட்டினியே..."

"என் பையன் உள்ள கிடக்கான். அவனுங்களைத் திட்ட முடியுமா? உன்னைத்தான் திட்ட முடியும். ஹெஷ்மத் பையன் ராணுவத்துல இருக்கறது ஊருக்கே தெரியும்டி, அசடு."

ஃபரங்கிஸ் கையிலிருந்த தட்டை அவள் வாங்கிக்கொண்டாள். இல்லாவிட்டால் கீழே போட்டிருப்பாள்.

கல்லறைக் காவல்காரன் ஓடி வந்தான். "யாருக்கு நாற்பது? தாள்ல செவ்வாய்ன்னு போட்டிருக்கே! தப்பா எண்ணிட்டீங்களா?"

எல்லாரும் ஃபரங்கிஸைப் பார்த்தார்கள். சொன்னால் கையெழுத்துப் பொய்யாகும். எல்லையில் ஆள் பத்தவில்லை என்று ஹாஜி சிரித்தது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க வருகிற சித்தப்பாவைக் கண்டாள். தன்னை இழுத்துப்போக வருகிறார் என்றே நினைத்தாள்.

அவர் கல்லருகே தொப்பென்று உட்கார்ந்தார். "பையனுக்கு போன் பண்ணினேன்," என்றார். "இன்னைக்குத்தானேப்பா அண்ணனுக்கு நாற்பது, நீங்க ஏன் வீட்ல இருக்கீங்கன்னு கேக்கறான்."

ஃபரங்கிஸ் காவல்காரன் பக்கம் திரும்பினாள். "என் தம்பிக்கு," என்றாள். "நாங்க சரியாத்தான் எண்ணியிருக்கோம். செவ்வாய்க்கிழமை உள்ள வெச்சு அடிச்சே கொன்னாங்க."

அவன் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு ஓடினான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஊருக்குள்ளிருந்து சைரன் எழுந்தது.

எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. குழந்தைகளை இழுத்து மடியில் அமுக்கினார்கள். "விமானம் வருது! ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!" என்று வாசலிலிருந்து காவல்காரன் கத்தினான். கத்தினானே தவிர, அவன் ஓடவில்லை. கையில் போனோடு அங்கேயே நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வானத்தில் ஒன்றும் இல்லை. வந்தாலும் வரலாம்.

கௌகப் கல்லின் பக்கம் குனிந்து, சட்டைக் குவியலைத் தட்டிக் கூப்பிட்டாள். "டேய் சியாமக்கு, கேக்குதாடா? ஊதிட்டானுங்க."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே அழத் தொடங்கினார். ஃபரங்கிஸ் பையிலிருந்து சியாமக்கின் மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டைகளின்மேல் வைத்துவிட்டு, கௌகப்பிடமிருந்த அல்வாத் தட்டை வாங்கி முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். சைரன் ஊதிக்கொண்டே இருந்தது. தட்டு கடைசி ஆள்வரை போகும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.