நாற்பத்தைந்து போதும்

பாட்டிலில் மருந்து கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு ஏறினாலும் கத்துவேன். மருந்துத் தொழிற்சாலையில் நிரப்பும் பகுதிக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் மேற்பார்வை. முதுகுக்குப் பின்னால் 'மில்லி அக்கா' என்பார்கள். தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன், பாவி.

மகள் ஆய்வகப் படிப்பில் முதல் வருடம். வேதியியலில் மொத்தம் அறுபது வராவிட்டால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள். மறுவாய்ப்பு என்ற பேச்சே கிடையாது. ஆனால் அவளுக்கு வேதியியல் தண்ணீர் பட்ட பாடு, இயற்பியல்தான் உதைத்தது. தெரிந்ததையே எதற்கு மாங்கு மாங்கென்று படிக்க வேண்டும் என்று நான் நினைத்தேன்.

போன வருடம் அதே கல்லூரியில் அதே படிப்பில் சேர்ந்த அண்ணன் மகளிடம் மதிப்பெண் பிரிக்கும் தாளை வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அசைன்மென்டுக்கு இருபது சதவீதம், இடைத்தேர்வுக்கு முப்பது, இறுதித்தேர்வுக்கு ஐம்பது. முதலாவதில் தொண்ணூறு வாங்கியிருந்தாள், இரண்டாவதில் எழுபது. பதினெட்டும் இருபத்தொன்றும் முப்பத்தொன்பது. அறுபதுக்கு இன்னும் இருபத்தொன்று. இறுதித்தேர்வில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு எடுத்தாலே வந்துவிடும்.

"நாப்பத்தஞ்சு எடு, தாராளம். அம்பது மார்க்குக்கு எழுதிட்டு எழுந்து வந்துடு. மறுநாள் பிசிக்ஸ் இருக்கு, அதைப் படி."

"அம்மா, இந்த வருஷம் எங்களுக்கு வேற தாள் குடுத்திருக்காங்க."

"எல்லாம் ஒண்ணுதான்டி. எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா?"

"ஒரு தடவை பாத்துடேன்," என்றார் அவள் அப்பா.

"நீங்க சும்மா இருங்க," என்றேன். மனிதர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தேர்வன்று வாசலில் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்திலேயே, எல்லோருக்கும் முன்னால், என் மகள் வெளியே வந்தாள். பக்கத்தில் நின்ற அம்மாக்களிடம் "அதுக்குள்ள முடிச்சுட்டா!" என்று பீற்றிக்கொண்டேன்.

வேதியியலில் மொத்தம் ஐம்பத்து நாலரை வந்தது. கூட்டலில்தான் தப்பு என்று அவளை இழுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன். பேராசிரியை சத்தம் போடாமல் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். பத்து, இருபது, எழுபது.

"முதல் நாளே எல்லார் கையிலயும் குடுத்தோமேம்மா."

ஒன்பதும் பதினாலும் இருபத்து மூன்று. இறுதித்தேர்வில் ஐம்பத்து மூன்று எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். எடுத்தது சரியாக நாற்பத்தைந்து. நான் கேட்டதில் ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

விடைத்தாளைக் காட்டினார். பாதிக்கு மேல் வெறும் பக்கங்கள். ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாகக் கூட்டல் போட்டு, கடைசியில் ஐம்பது என்று எழுதி வட்டமிட்டிருந்தாள். விட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீட்டில் என்னை உட்காரவைத்து அவள் விளக்கிச் சொன்னவை.

"இதெல்லாம் தெரியாதாடி உனக்கு?"

"தெரியும்மா. அதான் அம்பது ஆயிடுச்சே."

குரலில் கோபமே இல்லை. சொன்ன கடைக்குப் போய், சொன்ன சாமானை வாங்கி வந்தவள் மாதிரி நின்றாள். நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.