சேத்துக்கு எத்தனை அண்ணன்?

1

இந்தக் கதை என் மூக்கின் மேல் தொடங்கியது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுத்துகள் எறும்பாக ஊர ஆரம்பித்ததால் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்களே, அந்தக் கனமான வட்டச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, வலது கண்ணைக் கறுப்புத் தகட்டால் மூடியிருந்தார் கண்ணாடிக்காரர். திறந்திருந்த கண்ணில் உலகமே கரைந்து தெரிந்தது. "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. அப்படிச் சொன்னால் அவர் உழைப்பை அவமதித்ததாகிவிடுமோ என்று "முதல்ல போட்டதுதான் சார்" என்று குத்துமதிப்பாக அளந்துவிட்டேன்.

அப்போது கதவு திறந்தது. "இன்னும் சாப்பிடலையா நீங்க? கட்டிக் கொடுத்தது அப்படியே இருக்கு!" என்றது ஒரு பெண் குரல். அவருடைய மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறவர், வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார் என்பது அடுத்தடுத்த புலம்பலில் தெரிந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டுவைத்தேன்.

"ஒண்ணு" என்றார் அவர்.

"ரெண்டு" என்றார் அந்த அம்மா.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. நான் சிரிக்கப் பார்த்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. "கீழருந்து மூணாவது வரியப் படிங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

எனக்குத் தெரிந்த நிஜம் இவ்வளவுதான். அவர்கள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. இனி வருவது முழுக்க என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: கண்ணாடிக்காரர் அன்று கடையைத் திறந்தபோது வானம் மேகமூட்டத்துடன்

வேண்டாம். வானத்தைப் பார்த்துக் கடை திறக்கிற ஆள் இல்லை அவர். பூட்டைத்தான் பார்ப்பார்.

தொடக்கம் இரண்டு: துக்கம் என்பது

ஐயோ, இது வேண்டவே வேண்டாம்.

தொடக்கம் மூன்று: ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்காரர் தேவாலயத்தின் பின்னறையில் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் நடத்துவார்.

இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

அன்றைய பாடம், உலகத்தின் முதல் குடும்பம்: மூத்தவன் காயீன் தம்பி ஆபேலைக் கொன்றுவிட்டு ஓடிப்போகிறான், அப்புறம் சேத் பிறக்கிறான். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். ஆதாம், ஏவாள், பிள்ளைகள் எல்லாரும் ஒரே தாளில் இருக்க வேண்டும். தாளைத் தரையில் விரித்து, பிள்ளைகள் சுற்றிலும் குப்புறப் படுத்திருந்தார்கள். எத்தனை பேரை வரைவது என்ற இடத்தில்தான் வினை ஆரம்பித்தது.

"சார், காயீன் பொண்டாட்டிய வரையணுமா?" என்றாள் வாயாடி. (அவளுக்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.)

"வரையலாமே."

"அவ எங்கருந்து வந்தா? மொத்தமே நாலு பேர்தானே இருந்தாங்க?"

"ஆதாமுக்கு வேற பிள்ளைங்களும் இருந்தாங்கம்மா. பேர் சொல்லல, அவ்வளவுதான்."

"அப்ப தங்கச்சியையா கட்டிக்கிட்டான்? ச்சீ!"

அறை முழுக்க ஒரே ச்சீ. அது அடங்குவதற்குள் இன்னொரு மூலையிலிருந்து, "பாக்கறவன் எல்லாம் என்னைக் கொன்னுடுவான்னு காயீன் பயந்தானே சார், பாக்கறதுக்கு யாரு இருந்தா? அப்பாவும் அம்மாவுமா?" அடுத்தவன் விடுவானா? "அலைஞ்சு திரியணும்னு தண்டனை. ஆனா போய் ஊரே கட்டிட்டான்!"

கண்ணாடிக்காரர் அசரவில்லை. வருஷா வருஷம் வருகிற கேள்விகள். பதில்கள் சட்டைப்பையில் தயாராக இருந்தன.

அவருடைய மகளும் அதே வகுப்பில்தான். வீட்டில் அவளுக்குக் 'குட்டி' என்று பெயர். வகுப்பில் அப்பாவை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். அது அவளே போட்டுக்கொண்ட சட்டம். அவள் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"சார், இந்த அதிகாரத்துல சேத்துக்கு முன்னால ரெண்டு அண்ணனுங்க. அடுத்த அதிகாரத்துல எடுத்த உடனே சேத் வந்துடறான். அண்ணனுங்க ரெண்டு பேரும் எங்க போனாங்க?"

சட்டைப்பையில் இதற்குப் பதில் இல்லை.

3

கடையில் கேட்ட அந்த இரண்டு பதிலும் எங்கோ படித்ததுபோல உறுத்த, திரும்பிய அன்றே நானும் வேதத்தை எடுத்துப் பார்த்தேன். (படிக்க வேண்டிய எழுத்தைக் கண்ணிலிருந்து எட்ட வைத்துக்கொண்டு.) வேதத்தின் முதல் புத்தகத்தில், நான்காம் அதிகாரம் முடிகிற இடத்தில் ஏவாள் சேத்தைப் பெறுகிறாள். பெயர் வைக்கிறவள் அவள்தான். கொலையான ஆபேலுக்குப் பதிலாக இவன் கிடைத்தான் என்று சொல்லியே வைக்கிறாள். உடனே ஐந்தாம் அதிகாரம், வம்ச வரலாற்றை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அங்கே ஆதாம் தன் சாயலாக ஒரு மகனைப் பெறுகிறான். இப்போது சேத் என்று பெயர் வைக்கிறவன் ஆதாம். காயீன் பேச்சும் இல்லை, ஆபேல் பேச்சும் இல்லை.

இரண்டும் இரண்டு பேர் எழுதியவை என்பார்கள் படித்தவர்கள். இது வம்சம் தொடர்ந்த வழியை மட்டும் சொல்லுகிற பட்டியல், இதில் முரண்பாடே கிடையாது என்பார்கள் விசுவாசிகள். இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்கள் யாரும் அந்தக் கடையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லையே. எனக்குக் கேட்டது வேறு. ஒரே வீட்டில், ஒரே கேள்விக்கு, அம்மா ஒன்று சொல்கிறாள், அப்பா ஒன்று சொல்கிறார்.

யாரோ ஒருவர் இந்த இரண்டு அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவருக்குக் கண் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வரியை அடித்திருந்தால் வேலை சுத்தமாக முடிந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. பெற்றவள் சொன்னதும் இருக்கட்டும், பெற்றவன் சொன்னதும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த முகம் தெரியாத மனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஐயா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

[ஒரே கண்ணாடியில் மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை என்று இந்த இடத்தில் ஒரு உவமை இருந்தது. அடித்துவிட்டேன். கதையைக் கண்ணாடிக் கடையில் வைத்துக்கொண்டு லென்ஸை உவமையாக்குவது சோம்பேறித்தனம்.]

4

பெரியவன் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். குட்டி அதற்குப் பிறகு பிறந்தவள்.

[இதை எழுதக் கை வரவில்லை. நிஜத்தில் அந்த இன்னொரு பிள்ளை எங்கேயோ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டு, அப்பாவோடு ஏதோ கோபத்தில் பேசாமல் இருக்கலாம். செத்துப்போன ஆபேலாக இல்லாமல், வீட்டை விட்டுப் போன காயீனாக இருக்கலாம். அப்படி இருந்தால் ரொம்ப சந்தோஷம். என் கதை பொய்யாகவே போகட்டும்.]

கண்ணாடிக்காரர் 'ஒண்ணு' என்று சொல்வது மகனை மறந்ததால் இல்லை. 'ரெண்டு' என்று சொன்னால் வாடிக்கையாளர் சும்மா இருப்பதில்லை. "பெரியவன் என்ன பண்றான்?" என்று அடுத்த கேள்வி வரும். உண்மையைச் சொன்னால் அவர் முகம் செத்துவிடும். "ஐயோ, தெரியாம கேட்டுட்டேன்" என்பார். "பரவாயில்ல சார், பரவாயில்ல" என்று கண்ணாடிக்காரர் அவரைத் தேற்ற வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவனே எதிராளிக்கு ஆறுதல் சொல்லுகிற இந்தக் கொடுமை சில தடவை நடந்த பிறகு, அவர் பதிலைச் சுருக்கிக்கொண்டார்.

மனைவிக்கு அது முடியாது. "ஒண்ணுன்னு சொன்னா, புள்ளைய ஸ்டாப்புல நிக்க வச்சுட்டு வண்டிய எடுத்த மாதிரி இருக்கு" என்பார்.

சரி, வகுப்புக்கு வருவோம். பதில் கிடைக்காத குட்டி படம் வரையக் குனிந்துவிட்டாள். அவர் சுற்றி வந்து பார்த்தபோது, அவள் ஆபேலை வரைந்து முடித்து, பக்கத்தில் குட்டையாக ஒரு பையனை நிறுத்தியிருந்தாள். இருவரும் கைகோத்திருந்தார்கள்.

"இது யாரும்மா?"

"சேத்."

"தப்பாச்சே. இவன் பொறக்கும்போது அவன் இல்லையே. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டதே கெடையாது."

அவள் தலையைத் தூக்காமல் பச்சையைத் தேய்த்துக்கொண்டே, "அதனால என்ன? அண்ணன்தானே?" என்றாள்.

பிறகு அவள் கை கொஞ்சம் நின்றது. "ஆபேல் சாகலைன்னா சேத் பொறந்திருப்பானாப்பா?"

சட்டத்தை அவளே மீறிவிட்டாள். வகுப்பில் முதல் தடவையாக அப்பா என்றிருந்தாள்.

"எல்லாரும் கை கழுவிட்டு வாங்க" என்றார் கண்ணாடிக்காரர். பாடம் முடிய இன்னும் நேரம் இருந்தது.

5

வீட்டில் அந்த அம்மா மறுநாள் வேலைக்குப் போடும் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கணவர் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குட்டி நடுவில் வந்து நின்றாள்.

"கடையில அப்பா ஒண்ணுங்கறாரு. நீ ரெண்டுங்கற. யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? நான் மொதப் புள்ளையா, ரெண்டாவதா? அண்ணன் எடத்துலதான் நான் வந்தேனா?"

(நானாக இருந்தால் இந்த இடத்தில் ஓடிப்போயிருப்பேன். பேருந்து ஓட்டுகிறவர்கள் அப்படி நடுவழியில் இறங்கிப் போகிறவர்கள் இல்லை.)

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "யாருடி சொன்னா அவன் எடத்துலன்னு? அவன் எடம் அவனுக்கு. உன் எடம் உனக்கு. நம்ம வண்டியில சீட்டுக்கா பஞ்சம்?"

"அவன் இருந்திருந்தா நான் வந்திருப்பேனா?"

"தெரியாதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா நீ வந்ததுக்கு நான் தினமும் நன்றி சொல்றேன். அவன் வந்ததுக்கும் சொல்றேன். ரெண்டையும் சேத்துத்தான் சொல்றேன், தனித்தனியா சொல்ல வரல."

குட்டி இதை மென்று பார்த்தாள். விழுங்கினாளா என்று தெரியவில்லை. "அப்ப ஸ்கூல்ல என்ன சொல்றது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

கண்ணாடிக்காரர் சட்டையின் ஒரு கையை இழுத்துப் பிடித்துக்கொடுத்தார். மனைவி தேய்த்தார்.

"நான் ஒண்ணுன்னு சொல்றதுல உனக்குக் கோவம்தானே?"

"முன்னாடி இருந்துச்சு. இப்ப இல்லைங்க. நீங்க அவள அவளாவே பாக்கறீங்க. எனக்கு அது வரமாட்டேங்குது. அவ சிரிச்சா அவன் சிரிச்ச மாதிரியே இருக்கு எனக்கு. பாவம், அவளுக்குன்னு முழுசா ஒரு ஆள் வேணும்ல? அது நீங்க இருக்கீங்க."

அவர் சட்டையின் மறு கையை இழுத்துப் பிடித்தார். அப்புறம் இத்தனை வருஷமும் சொல்லாததைச் சொன்னார். "நீ ரெண்டுன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு நிம்மதியா இருக்கும். நான் சொல்ல முடியாதத சொல்றதுக்கு வீட்ல ஒரு ஆள் இருக்கேன்னு."

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றார் அந்த அம்மா. சட்டையின் காலர் கொஞ்சம் கருகிவிட்டது. அதற்கு யாரும் யாரையும் திட்டவில்லை.

6

முடிவு ஒன்று: அடுத்த வாரத்திலிருந்து கண்ணாடிக்காரர் எல்லாரிடமும் 'ரெண்டு' என்று சொல்ல ஆரம்பிக்கிறார். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. விளம்பரத்தில் வருகிற குடும்பம் மாதிரி இருக்கிறது.

முடிவு இரண்டு: இருவரும் பேசிவைத்து ஒரே பதிலுக்கு வருகிறார்கள், அதாவது

எதற்கு? நான்காம் அதிகாரத்தை வைத்து ஐந்தாம் அதிகாரத்தை அழிப்பதற்கா? அதைச் செய்யாத மனிதருக்கு இப்போதுதான் நன்றி சொன்னேன்.

முடிவு மூன்று: ஆலயத்தில் படத்தை மாட்டுகிறார்கள். கைகோத்த பையன்களைப் பார்த்துவிட்டுப் பெரியவர் ஒருவர், "இது வேதத்துல இல்லையே" என்கிறார். "இல்லதான் சார்" என்று ஒத்துக்கொண்டு, கண்ணாடிக்காரர் ஆணியை இன்னும் ஒரு அடி அழுத்தி அடிக்கிறார்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. நடந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இது முடிவில்லை. குட்டி கேட்டது அப்படியே இருக்கிறதே.

7

கடை. சாயங்காலம். குட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா இன்னும் வரவில்லை. சோதனை நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒரு கண் மூடியபடி. கண்ணாடிக்காரர் கையில் லென்ஸ்.

"இது தெளிவா இருக்கா, இதுவா?"

"முதல்ல போட்டதுதான் சார்" என்கிறார் அவர், குத்துமதிப்பாக. அப்புறம் வாய் சும்மா இருக்காமல் கேட்கிறார். "பாப்பா உங்க பொண்ணா? எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?"

குட்டியின் பென்சில் நிற்கிறது. நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கிறாள்.

கண்ணாடிக்காரரும் அவளைப் பார்க்கிறார். ஒன்று என்றால், அவள் யாருக்கும் பதிலாக வந்தவள் இல்லை. இரண்டு என்றால், அவளுக்கு ஒரு அண்ணன் உண்டு. இரண்டுமே அவளுக்குக் கொடுக்கத் தகுந்ததுதான் என்று இப்போது அவருக்குத் தெரியும். அவள் இருக்கிறாள், அவன் இருந்தான். நெஞ்சு நிறைந்துபோகிறது அவருக்கு. லென்ஸைத் துணியில் ஒரு தடவை துடைக்கிறார். வாயைத் திறக்கிறார்.

"..........................." என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த இடத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். ஒரு சொல் போதும். அவர் அதைச் சொன்னதும் குட்டி மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பென்சிலை எடுத்து நிரப்புங்கள். நீங்கள் எதை எழுதினாலும் நான் திருத்தப் போவதில்லை.