முதலில் பாட்டு, பிறகு ஊசி

பெரியக்கா நடத்திய நிறுவனத்தில் சாகக் கிடப்பவர்கள்கூட நேரம் தவறக் கூடாது. இனிக் குணமாகாது என்று ஆஸ்பத்திரி கைவிரித்தவர்களை வீடு தேடிப் போய், கடைசி நாள்வரை வலி தெரியாமல், கடவுள் நினைப்போடு பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. இருபத்தாறு வீடு, நான்கு நர்ஸ், ஒரு வேன். அந்த வேன் பிதுங்கி வழியும்படி ஒரு பாட்டுக் கோஷ்டி.

கோஷ்டிக்குத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பதிவாளர். எல்லோருக்கும் அவர் வெண்கலம். அவர் வாயைத் திறந்தால் மூன்று தெரு தள்ளித் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் பாடிய வீடுகளில் பல்லிகள் குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

பெரியக்கா வகுத்த ஒழுங்கு இதுதான்: முதலில் ஏழு பாட்டு, ஒரு பிரார்த்தனை. அது முடிந்த பிறகுதான் நர்ஸ் மருந்துப்பெட்டியின் பூட்டைத் திறக்கலாம். வலி ஊசியை முதலிலேயே போட்டுவிடலாமா என்று நர்ஸ் ஒருமுறை கேட்டிருந்தாள். ஊசி போட்டால் தூங்கிவிடுவார்களே, அப்புறம் பாட்டை யார் கேட்பது, சுவரா என்று பெரியக்கா சிரித்துக்கொண்டே அவள் வாயை அடைத்தாள்.

அந்த இருபத்தாறு பேரில் பெரியக்காவுக்குத் தங்கமானவர் ஒரு லாரி மெக்கானிக். இடுப்பெலும்பில் புற்றுநோய். முதல் பாட்டுக்கே கைகூப்பிக் கண்ணை மூடுவார்; நாலாவது பாட்டில் கன்னத்தில் கண்ணீர் இறங்கும். இப்படி ஒரு பக்தியைப் பார்த்ததுண்டா என்று பெரியக்கா போகிற இடமெல்லாம் சொன்னாள். அந்தக் கண்ணீர் நன்கொடையாளர் கூட்டத்துக்குப் போவதற்குள் ஒரு டம்ளராகி, ஆண்டுவிழா மேடையில் ஒரு வாளியாகவே ஆகிவிட்டது.

ஒரு புதன்கிழமை, வேன் பின்னால் வரட்டும் என்று பெரியக்காவும் நர்ஸும் முன்னாலேயே மெக்கானிக் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மனைவி பெரியக்காவை மட்டும் அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். முந்தானையை முறுக்கி முறுக்கி அது கயிறாகவே ஆகியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. இன்னிக்கு அவரால கையக்கூடக் கூப்ப முடியல. அவருக்குப் பதிலா நான் உக்காந்து ஏழு பாட்டும் கேட்டுடறேன். ஊசி போடுவீங்கதானே?"

பெரியக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. நேராகக் கட்டிலருகே போனாள். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பாட்டில் கண் கலங்குவீர்களே, அது எதற்கு என்று கேட்டாள். வேறு ஏதாவது பதில் வந்துவிடாதா என்று இருந்தது அவளுக்கு.

"இடுப்புல ஸ்பேனரப் போட்டுத் திருகுற மாதிரி இருக்கும்மா. நாலாவது பாட்டு வரும்போது தாங்காது. அது கொஞ்சம் நீளம் வேற."

"பாட்டு வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஊசியும் வேணாம்னு எழுதிட்டீங்கன்னா?"

மூன்று மாதம். வாரம் மூன்று நாள். அவள் தலைக்குள் கணக்கு ஓடப் பார்த்தது. ஓடவிடாமல் நர்ஸைப் பார்த்து, போடு என்றாள். நர்ஸ் பெட்டியைத் திறந்து ஊசியில் மருந்தை ஏற்றினாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம். அதுகூட இல்லாததுதான் பெரியக்காவை இன்னும் குத்தியது.

வாசலில் வேன் வந்து நின்றது. வெண்கலம் தொண்டையைக் கனைத்தபடி இறங்க, எதிர்வீட்டு ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது. பெரியக்கா ஓடிப்போய் வாசலை மறித்தாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். வாயில் வந்தது வேறு. அவருக்கு ஜுரம், இன்றைக்கு வேண்டாம் என்றாள்.

"ஜுரமா? அப்ப ரெண்டு பாட்டு சேத்தே பாடிடுவோம்" என்று வெண்கலம் செருப்பைக் கழற்றினார். பின்னாலேயே பதினோரு ஜோடி செருப்பு கழன்றது.

இந்தப் பொய் இவர்களிடம் செல்லாது என்று தெரிந்ததும் பெரியக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு வந்த கண்ணீர் வலிக் கண்ணீர், நாம் பாடி முடிக்கும்வரை ஊசிக்காகத்தான் காத்துக்கிடந்தார், அந்த ஒழுங்கைப் போட்டது நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். வெண்கலம் கழற்றிய செருப்பில் ஒன்றை மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டு நின்றார். மூன்று தெருவை எழுப்புகிற மனிதர், நாலாவது பாட்டை நீட்டினது நான்தான் என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் உள்ளே திரும்பி வந்து கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் மெக்கானிக்கின் நெற்றி இளகியது. கைவிரல்கள் போர்வையை விட்டன. கன்னம் காய்ந்திருந்தது. மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை வருமா என்று பெரியக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அரைக்கண்ணைத் திறந்தார்.

"மத்த வீட்லயும் பாட்டுதான் முதல்லயா?"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

பெரியக்கா எழுந்தாள். நர்ஸையும் மருந்துப்பெட்டியையும் கூட்டிக்கொண்டு, வேனை அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்த தெருவுக்கு நடந்தே போனாள். அது நுரையீரல் நோயோடு தனியாகக் கிடக்கிற கணக்கு டீச்சரின் வீடு. கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் அவள் நிழல் விழுந்ததும் டீச்சர் தலையணையிலிருந்து கொஞ்சம் எம்பி, இரண்டு கைகளையும் கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.