தோன் அபெலார்தோவுக்கு இரண்டு கூய்

"தண்ணிய ஊத்துடி. ஆறிட்டா ரோமம் வராது," என்றாள் பவுலினா.

நெரிதா கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிய கையோடு நின்றாள். அம்மாவின் முன்னால் முயல்குட்டி அளவில் இரண்டு கூய்கள், கறிக்காக வீட்டில் வளர்க்கிற கினிப்பன்றிகள், கழுத்து முறிந்து கிடந்தன. வீட்டில் இருந்ததிலேயே கொழுத்தவை அவைதான். மற்றவை அடுப்படி மூலையில் எதுவுமே நடக்காதது போலக் குதிரைமசால் தழையைக் கொறித்துக்கொண்டிருந்தன.

"யாருக்கு இது?"

"திங்கறவங்களுக்கு."

"அம்மா."

"உன் பத்ரீனோவுக்கு. போதுமா? ஊத்து."

பத்ரீனோ என்றால் ஞானத்தந்தை தோன் அபெலார்தோ. நெரிதாவின் ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவர். அந்த உறவு முறையில் அவர் பவுலினாவைக் கொமாத்ரே என்பார், அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள். நகராட்சியில் பெரிய பதவி. எந்தக் கல்லூரியிலும் பட்டம் முடித்ததாகத் தெரியாது, ஆனாலும் ஊரே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடும். நாளைக்கு நெரிதாவைக் கேள்வி கேட்கப்போகிற மூன்று பேரில் அவரும் ஒருவர்.

அது பள்ளி பள்ளியாகப் போய், லஞ்சம் கொடுக்காதே, வாங்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற வேலை. நேர்மைப் பயிற்றுநர் என்று பெயர். எழுத்துத் தேர்வில் நெரிதாதான் முதல். வேலை கிடைத்தால் சதுக்கத்தில் உட்கார்ந்து அவித்த சோளம் விற்பதை விட்டுவிடலாம் என்பது அம்மாவின் எண்ணம். நெரிதாவுக்கு ஒரு வகுப்பின் முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் படித்துவிட்டு அவளும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோளம்தான் விற்றுக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன வேலைக்குப் போறேன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும். லஞ்சம் கூடாதுன்னு சொல்ற வேலை."

"அதுக்கு நீ லஞ்சம் கொண்டு போற."

"வாய அலம்பு. கூய் லஞ்சமா? காசு குடுத்தாதான் லஞ்சம். இது மரியாதை. ஒரு காரியம்னு பெரியவங்க வீட்டுக்குப் போறப்ப கைய வீசிக்கிட்டா போவாங்க?"

"புஸ்தகத்துல போட்டிருக்கும்மா. ஊழலுக்கு ரெண்டு கை. குடுக்கற கை ஒண்ணு, வாங்கற கை ஒண்ணு."

"என் கையில ரோமம்தான் இருக்கு. ஊத்து."

நெரிதா ஊற்றவில்லை. "அவரு கேட்டாரா?"

பவுலினா கூயைப் புரட்டிப் போட்டாள். "சந்தையில பாத்தாரு. 'கொமாத்ரே, உங்க கையால கூய் தின்னு எவ்ளோ நாளாச்சு'ன்னாரு. அப்புறம், 'புள்ளைக்கு திங்கக்கிழமை இண்டர்வியூ இல்ல?'ன்னாரு. சும்மா விசாரிச்சாரு."

"ரெண்டும் ஒரே மூச்சுலயா?"

"நடுவுல ஒரு தடவ தும்முனாரு."

நெரிதாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"உன்கூட பரீட்சை எழுதுன மாரிபெல் வீட்டுலேந்து முழு கிடாயே போயிருக்குடி," என்றாள் பவுலினா. "அவங்கப்பன் லாரியில ஏத்துனத நானே பாத்தேன். நீ போ, போய் உன் மொத மார்க்க மட்டும் காட்டு. அத வறுத்துத் திம்பாரு."

நெரிதா தண்ணீரை ஊற்றினாள். ரோமம் சுலபமாக வந்தது.

மதியம் பவுலினா பூ செருகிய தொப்பியை வைத்துக்கொண்டு, வறுத்த கூய்களை உருளைக்கிழங்கோடு தட்டில் அடுக்கி, முதுகுத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நெரிதா கூடப் போகவில்லை. போகாதே என்று தடுக்கவுமில்லை. சாயங்காலம் அம்மா திரும்பி வந்தபோது தட்டில் நான்கைந்து ரொட்டிகள் இருந்தன. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் கேட்டது இல்லை என்று அர்த்தம். ரொட்டி வைத்தால் ஆச்சு என்று அர்த்தம்.

"அங்கயே உக்காந்து ரெண்டையும் தின்னுட்டாரு," என்றாள் பவுலினா, தொப்பியைக் கழற்றியபடி. "ரொகோத்தோ மிளகாத் துவையல் இன்னும் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு. 'கொமாத்ரே, நிம்மதியா தூங்குங்க'ன்னாரு."

அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் நகராட்சி மாடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாகாண அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள். அவரை எல்லோரும் இன்ஜினியர் என்று அழைத்தார்கள். ஒரு பக்கம் தோன் அபெலார்தோ, இன்னொரு பக்கம் பள்ளிகளின் மேற்பார்வையாளர்.

"மொத மார்க் நீங்கதானா? சந்தோஷம்," என்றார் இன்ஜினியர். "ஒரே கேள்விதான். ஒருத்தர் உங்களுக்கு அன்பளிப்புன்னு ஏதோ கொண்டு வராரு. என்ன பண்ணுவீங்க?"

புத்தகத்தின் பதில் நெரிதாவின் நாக்கு நுனியில் இருந்தது. தோன் அபெலார்தோ அவளைப் பார்த்துச் சொல்லு, சொல்லு என்பது போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டே, விலாசம் சொல்கிற குரலில் அவள் சொன்னாள்:

"நேத்து எங்கம்மா டாக்டர் அபெலார்தோ வீட்டுக்கு ரெண்டு கூய் வறுத்துக் கொண்டு போனாங்க. அவரு ஜாடையா கேட்டிருந்தாரு. சாப்ட்டாரு. தட்டுல ரொட்டி வச்சு அனுப்புனாரு. நான் ரோமம் எடுக்க சுடுதண்ணி ஊத்துனேன். இத சொல்லிட்டு அப்புறம் உங்க கேள்விக்கு வரேன்."

மேற்பார்வையாளர் பேனாவைக் கீழே வைத்தார். இன்ஜினியர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

தோன் அபெலார்தோ பெருமூச்சு விட்டார். முகத்தில் கலக்கமே இல்லை, துக்கம் மாதிரி ஏதோ ஒன்றுதான் இருந்தது. "நானே சொல்லணும்னுதான் இருந்தேன், இன்ஜினியர். ஏழைப் பொம்பள. வாசல்ல வந்து நிக்கறா. தொரத்த மனசு வரல. வாங்கி நாய்க்குப் போட்டுட்டேன்."

"நாயா துவையல் கேட்டுச்சு?" என்றாள் நெரிதா.

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு இருமினார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பாரும்மா, நீ மறைக்காம சொன்ன. அத நான் மதிக்கறேன். ஆனா விண்ணப்பம் போட்டவங்க வீட்டுலேந்து யாராவது குழுவுல ஒருத்தர அணுகுனா விண்ணப்பம் ரத்து. அது விதி. குடுத்தேன்னு நீயே சொல்ற. வாங்கித் தின்னேன்னு அவரு சொல்லல. நான் என்ன பண்ண முடியும்?"

"மத்தவங்க வீட்டுலேந்தும் போயிருக்கு."

"அவங்க சொல்லலியேம்மா."

படிக்கட்டில் இறங்கும்போது, அடுத்துப் போக வேண்டிய மாரிபெல் புத்தகத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன கேட்டாங்கடி?" என்றாள்.

"ஈசிதான்," என்றாள் நெரிதா.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாய் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. பவுலினா சோளக்கதிரின் தோலை உரித்துக்கொண்டே கேட்டாள்:

"நான் போகாம இருந்திருந்தா கெடச்சிருக்குமா?"

"தெரியல."

"நீ சொல்லாம இருந்திருந்தா?"

"கெடச்சிருக்கும்."

"அப்ப எதுக்குடி சொன்ன?"

நெரிதா உரித்த கதிர்களை எடுத்துக் குண்டானில் போட்டாள். மறுநாள் இருவரும் வழக்கம்போலச் சதுக்கத்துக்குப் போனார்கள். வேலை மாரிபெல்லுக்குப் போனது.

மழை ஓய்ந்த மாதத்தில் சதுக்கத்தில் நேர்மை விழா வைத்தார்கள். எல்லாப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் சீருடையில் வரிசையாக வந்து நின்றார்கள். மேடையில் பெரியவர்கள். அவர்களில் தோளில் பட்டைத் துணி போட்டுக்கொண்டு தோன் அபெலார்தோ. மாரிபெல் புது வெள்ளைக் கோட்டுடன் மைக்கைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய துணிப்படம். தொப்பி வைத்த ஒரு பெண் கூய்த் தட்டை நீட்டுகிறாள். எதிரே முகம் இல்லை, உடம்பு இல்லை. கோட்டுக் கையோடு ஒரு உள்ளங்கை மட்டும் தட்டைத் தடுத்துத் தள்ளுகிறது.

"இது கதை இல்ல, தங்கங்களா," என்றாள் மாரிபெல். "நம்ம ஊர்லயே நடந்தது. ஒரு அம்மா தன் மகளுக்கு வேலை வேணும்னு ஒரு அதிகாரிக்குக் கூய் கொண்டு போனாங்க. அவரு என்ன பண்ணாரு? வேண்டாம்னுட்டாரு. எல்லாரும் கைய நீட்டுங்க. இப்படி. வேண்டாம்!"

"வேண்டாம்!" என்று பிள்ளைகள் உள்ளங்கையை முன்னால் தள்ளினார்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில், சோளக் குண்டானுக்குப் பின்னால் பவுலினா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அந்தத் தொப்பி என்னோடது மாதிரியே இருக்கே."

நெரிதா குண்டானின் மூடியைத் திறந்து கதிர்களைப் புரட்டினாள்.

"பூவு கூட அதே பக்கம் வச்சிருக்காங்க."

"ஆமாம்மா. நீதான்."

"அவரு வேண்டாம்னாருன்னா சொல்றா?"

"ஆமா."

"திருப்பி அனுப்பிட்டாருன்னா?"

"இண்டர்வியூல நாய்க்குப் போட்டேன்னு சொன்னாரு." இவ்வளவு நாள் வைத்திருந்ததை நெரிதா அப்படியே சொல்லிவிட்டாள். சொல்லும்போது எதுவும் வலிக்கவில்லை.

பவுலினா சோளத்துக்குக் காத்திருந்தவருக்குக் கதிரும் பாலாடைக்கட்டியும் எடுத்துக் கொடுத்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். மேடையில் மாரிபெல், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, "இந்த மாதிரி யாருக்காவது அனுபவம் இருக்கா? பொதுமக்கள்லேந்து யாராவது வந்து பேசலாம்," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதும் வழக்கம்தான்.

பவுலினா நடந்தாள். நெரிதா தடுக்கவில்லை. கரண்டியை எடுத்து அம்மா இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

மாரிபெல் மைக்கைக் கொடுக்கவில்லை. பவுலினா கேட்கவும் இல்லை. சந்தையில் கூவிப் பழகிய தொண்டை அது.

"நான்தான் இந்தப் படத்துல இருக்கற பொம்பள," என்றாள் பிள்ளைகளைப் பார்த்து. "ரெண்டு கூய் கொண்டு போனேன். மரியாதைன்னு நெனச்சேன். தப்புங்கறாங்க. சரி, தப்புதான். இனிமே கொண்டு போகமாட்டேன். நீங்களும் கொண்டு போகாதீங்க."

மேடையில் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். தோன் அபெலார்தோ எழுந்து, "ரொம்ப சந்தோஷம் கொமாத்ரே, போதும், வெயில்ல நிக்காதீங்க," என்றார்.

"ஒண்ணே ஒண்ணுய்யா," என்றாள் பவுலினா. அவரை ஐயா என்று அவள் கூப்பிட்டதை மேடையோரம் இருந்த பெண்கள் கேட்டார்கள். ஊரில் யாரும் கொம்பாத்ரேயை அப்படிக் கூப்பிடுவதில்லை. அவள் துணிப்படத்துக்குப் பக்கத்தில் போய் அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள். "படம் வரைஞ்சவரு பாவம், அங்க இல்ல. நான் இருந்தேன். கை இப்படி இல்ல."

அவள் தன் கையை நீட்டி, மெதுவாகத் திருப்பி, உள்ளங்கையை மேலே பார்க்க விரித்தாள்.

"இப்படி இருந்துச்சு."

காலையிலிருந்து மேடையில் காட்டியதையெல்லாம் திருப்பிச் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் இதையும் செய்தார்கள். முன்வரிசையில் நின்ற சின்னதுகள் முதலில், பிறகு பின்னால் இருந்தவர்கள். சதுக்கம் முழுவதும் உள்ளங்கைகள் மேடையை நோக்கி விரிந்து நின்றன.

"அது இல்ல, அது இல்ல, கைய கீழ போடுங்க," என்று ஆசிரியைகள் வரிசைகளுக்குள் ஓடினார்கள். ஒரு வரிசை இறக்கினால் அடுத்த வரிசை நீட்டியது. மாரிபெல்லின் அம்மா கூட்டத்தின் நடுவில் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் யாரையும் பார்க்காமல், "எங்க வீட்டுலேந்து சேவல் போச்சு," என்றார்.

தோன் அபெலார்தோ இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்காரும்போது கைகள் இரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.