பந்தி எழும்வரை

மொட்டைப்பாறையில் மொத்தம் ஒரே தெரு. மேற்கே நாகமலை, கிழக்கே மதுரைக்குப் போகும் ஜல்லி ரோடு, நடுவில் சந்தைப் பொட்டல். ரோட்டில் நின்று பார்த்தால் உலகம் அந்த ஊரோடு முடிந்துவிட்டது போலவும், மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை போலவும் தோன்றும்.

அந்த ஊரை மூன்று பையன்கள் ஆண்டார்கள். ஜெயக்கொடிக்கு இருபது வயது. மீசை இன்னும் சரியாகக் கூடவில்லை. கூட்டாளிகள் காளையும் கருப்பும் அவனுக்கும் இளையவர்கள். ஆளுக்கொரு மட்டக்குதிரை, மூன்றும் பிடுங்கியவை. சந்தை நாளில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள். பெரியவர்களின் தலைப்பாகையை அரிவாள் நுனியால் தூக்கி வேப்பமரத்தில் மாட்டுவார்கள். நியாயம் கேட்கப் போன ஊர்ப் பெரியவர் விருமாண்டிக்கு ஒரு பக்க மீசையை மட்டும் சிரைத்து அனுப்பினார்கள். மறுபக்கத்தை அவரே சிரைத்துக்கொண்டு மூன்று மாதம் துண்டால் வாயை மூடியபடி நடந்தார். போலீஸ் ஸ்டேஷன் ஒன்பது மைலுக்கு அப்பால் இருந்தது. யுத்த காலம் வேறு. ஒரு குக்கிராமத்தின் மீசைக்காக யார் வரப்போகிறார்கள்?

காசிமாயனுக்கு லாடம் அடிக்கிற தொழில். தெருவின் கிழக்குக் கோடியில் அவன் பட்டறை. பயந்தவர்களில் அவனும் ஒருவன்தான். அரிவாளைப் பார்த்துக்கொண்டே அந்த மூன்று குதிரைகளுக்கும் அவன்தான் லாடம் அடித்துக் கொடுத்திருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் மதுரைக் கோர்ட்டுக் கச்சேரியில் மூன்று மணிக்கு இருந்தாக வேண்டும். வண்டிக்காரன் சின்னச்சாமிக்கு அன்று தீர்ப்பு. ஒரு வியாபாரியின் ஜவுளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தவனை மலையடியில் ஜெயக்கொடி கூட்டம் மறித்துக் கொள்ளையடித்தது. போலீஸோ, கொள்ளையே நடக்கவில்லை, வண்டிக்காரனே மூட்டைகளை ஒளித்துவிட்டான் என்று அவனையே பிடித்து உள்ளே போட்டது. மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் சவரியப்பன் அந்த இடத்தில் ஒரு லாடத்தைக் கண்டெடுத்து வக்கீலிடம் கொடுத்திருந்தார். வண்டி மாட்டின் லாடம்தான் என்று போலீஸ் சாதித்தது. மாட்டுக் குளம்பு பிளந்தது, அதற்கு லாடம் இரண்டு துண்டு; இது ஒரே வளையம், குதிரைக்கானது என்று தொழில் தெரிந்தவன் ஒருவன் கூண்டிலேறிச் சொல்ல வேண்டும். அதோடு, வெடித்த குளம்புக்காக ஒரு ஆணித்துளையை வெறுமனே விட்டுவிட்டு அடித்த லாடம் அது. யார் குதிரைக்கு அடித்தது என்பதும் காசிமாயனுக்குத் தெரியும்.

ஒரே தெரு உள்ள ஊரில் எதுவும் ரகசியமாக இருப்பதில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் மூன்று குதிரைகள் பட்டறை வாசலில் வந்து நின்றன.

"மாமோய்!" என்றான் ஜெயக்கொடி. "மதுரைக்குப் போறீராம்ல?"

காசிமாயன் உலையின் துருத்தியை அழுத்தினான்.

"போகலாம், போகலாம். நம்ம குதிரைக மூணுக்கும் புது லாடம் அடிச்சிட்டுப் போங்க. அவசரமே இல்ல. பொழுது சாயிற வரைக்கும் நிதானமா அடிங்க."

காளை விழுந்து விழுந்து சிரித்தான். "பன்னெண்டு காலு அண்ணே, எண்ணிக்கங்க!"

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. காசிமாயன் யாரையும் குறை சொல்லவில்லை. அவனும் எத்தனையோ தடவை அப்படிச் சாத்தியவன்தான். ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்தான். முதல் குதிரையின் காலை மடக்கித் தொடையில் வைத்துக்கொண்டு பழைய லாடத்தைப் பெயர்த்தான். ஆணியை ஒரு விரற்கடை உள்ளே இறக்கினால் குதிரை நொண்டிவிடும். வாயில்லாத சீவனுக்கு அதைச் செய்ய அவன் கை வரவில்லை. பன்னிரண்டு லாடங்களையும் கழற்றிப் போட்டுவிட்டுக் குளம்புகளைச் சீவி அரத்தால் ராவிக்கொண்டே இருந்தான். பதினொன்றரைக்குப் பஸ். அது தன் கண் முன்னாலேயே போகப்போகிறது.

பதினோரு மணிக்கு விருமாண்டி வந்தார். வாயில் துண்டு இல்லை. அரையங்குல மீசை வளர்ந்திருந்தது. ஜெயக்கொடி முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"தம்பி, முனியாண்டி சாமிக்கு நேந்துவிட்ட கிடா. இன்னிக்கு வெட்டிட்டோம். நீங்க மூணு பேரும் வந்து கை நனைக்கணும்."

"எங்களுக்கா?" ஜெயக்கொடிக்கே நம்ப முடியவில்லை. "மீசை போனதுல புத்தி வந்திருச்சா பெருசு?"

"வந்திருச்சுன்னுதான் வச்சுக்கங்களேன். மூணு இலையும் போட்டாச்சு. சாமி சோறு, ஒரு இலையும் வெறுமனே கெடக்கக் கூடாது."

காசிமாயன் அரத்தைக் கீழே வைத்தான். அது ஆடி மாதத்துக்கென்று விருமாண்டி இரண்டு வருஷமாக வளர்த்த கிடா. சின்னச்சாமி ஜெயிலில் கூழ் குடிக்கிறான். இவர்கள் கொள்ளைக்காரனுக்குக் கறி சமைக்கிறார்கள்! கதவைச் சாத்துவதாவது பயம். இது என்ன?

ஜெயக்கொடி எழுந்து வேட்டியை உதறினான். "சுத்தியல் சத்தம் எனக்கு அங்கன கேட்டுக்கிட்டே இருக்கணும். நின்னுச்சு, தல தனியா நிக்கும்." மூவரும் மேற்கே கோயிலை நோக்கி நடந்தார்கள். காசிமாயன் பட்டறைக் கல்லில் வெறும் இரும்பை வைத்து ஓங்கி ஓங்கி அடித்தான். அத்தனை அடியும் விருமாண்டியின் முதுகில் விழுவதாக நினைத்துக்கொண்டான்.

கால் மணி நேரம் போயிருக்கும். பட்டறையின் பின்பக்கத் தட்டியை விலக்கிக்கொண்டு சின்னச்சாமியின் பெண்டாட்டி செல்லத்தாய் உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணே, கிளம்புங்க! பந்தி உக்காந்தாச்சு."

"என்ன தாயி சொல்ற?"

"அம்புட்டுப் பேரும் உக்காந்துட்டாகண்ணே. அந்த மூணு பேருக்கு ரெண்டு பக்கமும் ஊருப் பெருசுக இருவது பேரு. கடைசி ஆளு திங்காம எவன் எந்திரிப்பான்? சாமி பந்தி!"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அந்தச் சீமையில் பிறந்தவன் கொலை செய்வான், கொள்ளையடிப்பான். பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்காமல் சாமி பந்தியை விட்டு மட்டும் எழமாட்டான். சாமிக்கே இலையை மடித்த மாதிரி அது. அம்மாவிடம் முதுகில் அடி வாங்கிப் படித்த பாடம்.

"நிறுத்தாதீங்கண்ணே!" என்று செல்லத்தாய் அவன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி அடித்தாள். "நான் அடிக்கிறேன். நீங்க ஓடுங்க."

"உன்னைய வந்து பாத்தான்னா?"

"பாத்தா பாக்கட்டும். எம் புருசனக் கூட்டிட்டு வாங்க."

பஸ் அன்று ஹாரன் அடிக்கவில்லை. யாரோ டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் யுத்தகாலத்து பஸ் அது. இருமியது, நின்றது, மறுபடி இருமியது. எந்தக் குதிரையும் அதை அரை மணியில் பிடித்துவிடும். ஆனால் சீவிய குளம்போடு லாடமில்லாத குதிரை அந்த ஜல்லி ரோட்டில் நூறு அடி தாண்டாது. காசிமாயன் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்னால் பார்த்துக்கொண்டே வந்தான். டிங், டிங் என்ற சத்தம் வெகுதூரம் வரை கேட்டது. மதுரை எல்லையில் காளவாசல் வந்த பிறகும் காதில் நின்றபாடில்லை.

கூண்டில் நின்று அவன் பேசியது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. மாட்டு லாடம் ஒன்றையும் அந்த வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, வளையம் யார் குதிரைக்கு அடித்தது என்றும் சொன்னான். மாஜிஸ்டிரேட் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். விடப்பட்ட துளையில் விரலை வைத்தார். பிறகு சின்னச்சாமியின் கைவிலங்கைக் கழற்றவும், ஜெயக்கொடி கூட்டத்தைப் பிடிக்கவும் சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் மொட்டைப்பாறையில் இறங்கினார்கள். பட்டறையில் துருத்தி கிழிந்து கிடந்தது. கூரைத் தட்டியைக் காணோம். மூன்று குதிரைகள் மட்டும் புல் தின்றுகொண்டு நின்றன. சவரியப்பன் வாத்தியார் ஓடி வந்தார்.

"அவனுக நடந்தே மலைக்கு ஓடிட்டாங்க காசி. செருப்புகூட இல்லாம! போலீசும் பின்னாடியே போயிருக்கு."

"செல்லத்தாயி?"

"நல்லாயிருக்கு. அவனுக எந்திரிக்கிற நேரம் பாத்து விருமாண்டி ஆளனுப்பி வீட்டுக்குள்ள கொண்டுபோயிட்டாரு. பந்தி ரெண்டு மணி நேரம்ப்பா! நம்ம கருத்தக்கண்ணன் பெருசு இருக்காருல்ல, வாயில ஒத்தப் பல்லு கிடையாது, அவரு கையில ஒரு எலும்ப எடுத்தாரு பாரு, விடவே இல்ல. ஜெயக்கொடி பல்லக் கடிக்கிறான். 'பெருசு, சீக்கிரம்'ங்கிறான். 'தம்பி, சாமி சோறு, அவசரப்படலாமா'ங்கிறாரு. மறுசோறு கேக்குறாரு. ரசம் கேக்குறாரு!" வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "நானும் உக்காந்து தின்னேன்ப்பா. வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி ஆகாது. அதுவும் முனியாண்டிக்கு வெட்டின கறி. ஞாயித்துக்கிழமை ஃபாதர்கிட்ட ரெண்டு பாவமும் சொல்லணும்."

காசிமாயன் சிரிக்கத்தான் நினைத்தான். ஆனால் கால் கோயிலை நோக்கி நடந்தது. தன் கிடாவைக் கொடுத்த மனிதரை மதியம் பட்டறைக் கல்லில் வைத்து அடித்தோமே என்று இருந்தது. கோயில் வாசலில் விருமாண்டியைக் கண்டதும் காலைத் தொடப் போனான். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அதெல்லாம் எதுக்கு மாப்ள? அருவா தூக்க எங்களுக்குத் தெம்பு இல்ல. உக்காந்து திங்கத் தெரியும். தெரிஞ்சதச் செஞ்சோம்."

ஒரு இலை மட்டும் இன்னும் விரித்தபடி இருந்தது, மேலே ஒரு கூடை கவிழ்த்து.

"பந்தி இன்னும் எந்திரிக்கலப்பா," என்றார் கருத்தக்கண்ணன், பொக்கை வாயோடு. "உன் இலை பாக்கி."

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். காசிமாயனுக்குப் பக்கத்தில் சின்னச்சாமிக்கு ஒரு இலை போட்டார்கள். செல்லத்தாய் சோற்றுக் கூடையோடு வந்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. சுத்தியல் பிடித்த கொப்புளம். புருஷனைப் பார்த்தாள். காசிமாயன் இலையில்தான் முதலில் சோற்றை வைத்தாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சாப்பிட்டான். கறி ஆறிப்போயிருந்தது. யாரும் அவசரப்படவில்லை. அவன் கடைசிக் கவளத்தை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, இலையை மடிக்கும்வரை அந்தத் தெருவில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.