கண் எழுதின படம்

"இன்னும் கொஞ்சம் நிமித்துங்க, மொதலாளி" என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து யூசுப்பின் குரல் வந்தது.

மருதமுத்து அக்காளின் தாடையை இரண்டு விரலால் தாங்கினான். தாடை சில்லென்று இருந்தது. சாமியம்மாளை நாற்காலியின் முதுகோடு சேர்த்து வேட்டியால் கட்டியிருந்தும் தலை நிற்கவில்லை. விரலை எடுத்தால் இடப்பக்கம் சாய்ந்தது.

செத்தவர்களை வாசலில் உட்கார வைத்துப் படம் எடுப்பது வடக்குத்து கிராமத்தில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். உயிரோடு இருந்தபோது ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போகத் தோன்றாதவர்களுக்கு அன்றைக்குத்தான் தோன்றும். சாமியம்மாளுக்குக் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. நெல்லிக்குப்பத்துக்காரர்கள் பெட்டியோடு அவளைத் திருப்பி அனுப்பியபோது மாப்பிள்ளை நின்ற பாதியை வெட்டி வைத்துக்கொண்டு மற்றதை அடுப்பில் போட்டுவிட்டார்கள். ஆகவே இப்போது எடுப்பதுதான் படம். இது சரியாக வராவிட்டால் சாமியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு டவுன்ஷிப் கடைத்தெருவில் தொங்கிய அந்த நாடக விளம்பரத் தட்டிதான் மிச்சம்.

அந்தத் தட்டியை நினைத்ததும் மருதமுத்துவுக்கு நாக்கில் கசந்தது. அதை எழுதிய கொளஞ்சிநாதன் இதோ காமிராப் பெட்டிக்குப் பக்கத்தில், நகக்கண்ணில் சிவப்பு மையோடு, வெற்றிலை மென்றுகொண்டு நிற்கிறான். நாடகத் தட்டி எழுதாத நாட்களில் யூசுப்பின் ஸ்டூடியோவில் படத்துக்கு மை தீட்டுவது அவன் வேலை.

விடிந்ததிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"கெணறா?"

"இல்லிங்க, காய்ச்சல்" என்று மருதமுத்து சொல்வான்.

"வெறுங் காய்ச்சலா?"

கடையில் துணி விரித்துக் காட்டியபின் வாங்காமல் எழுந்து போகிறவர்களின் முகத்தை அவன் இருபது வருஷமாகப் பார்த்தவன். அதே முகம். கிணறு இல்லை, கயிறு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஒரு பைத்தியம் சாதாரணக் காய்ச்சலில் சாதாரணமாகச் சாவது அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது.

மைன்ஸில் ஷிப்ட் முடிந்த காண்ட்ராக்ட் ஆட்கள் சிலர், இமையெல்லாம் பழுப்புத் தூசியோடு, தெருவில் நின்றார்கள். ஒருவன் நாற்காலியையும் வேட்டியையும் பார்த்துப் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்: "பாத்தியா, செத்தப்பறமும் கட்டித்தான் வெச்சிருக்காங்க."

யாரும் அவளைக் கட்டி வைத்ததில்லை. கட்ட வேண்டியிருந்ததும் இல்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்திருப்பாள். சுவருக்குள் யாரோ பேசுவார்கள், அவள் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்பாள், "சரிங்க" என்பாள். சில நாள் சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவாள். மருதமுத்துவின் மனைவி அம்சவல்லி முதல் கவளத்தைத் தான் தின்று காட்டினால் சாப்பிட்டுவிடுவாள். தலைமுடியை மட்டும் அவள் அவிழ்த்து விட்டதே கிடையாது. அவிழ்ந்த முடியை யாரோ பிடித்து இழுத்துப் போய்விடுவார்கள் என்று பயம். எண்ணெய் வைத்து, படிய வாரி, இறுக்கிப் பின்னி, பின்னியதைச் சரிபார்த்து, மறுபடி பின்னுவாள். அந்தத் தெருவிலேயே படிந்த தலை அவளுடையதுதான். அதுதான் அவள் வியாதியும்.

கொளஞ்சிநாதனுக்கு அது பிடிக்கவில்லை. போன தையில், நாடகத்தில் ஒரு பைத்தியக்காரி வருகிறாள், பார்த்து எழுதவேண்டும் என்று தாளும் பென்சிலுமாக வந்தான். சாமியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னா மொதலாளி, இவங்களப் பாத்தா அப்படித் தெரியலிங்களே" என்று குறைப்பட்டான். மருதமுத்து வெளியே போடா என்றான். போனவன் தன் இஷ்டத்துக்கு எழுதினான். ஆளுயரத் தட்டி. விரிந்த முடி, கிழிந்த சேலை, வாய் முழுக்கப் பல், உரித்த முட்டை இரண்டை ஒட்ட வைத்ததுபோல் கண். தாடையில் மட்டும் சாமியம்மாளின் மச்சத்தை மறக்காமல் வைத்திருந்தான்.

அதைக் கடைத்தெருவில் கட்டினார்கள், மருதமுத்துவின் துணிக்கடைக்கு நேர் எதிரே. அந்த மச்சம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஒருத்தியைத் தவிர. ஒருநாள் தம்பிக்குச் சோறு கொண்டுவந்த சாமியம்மாள் தட்டிக்குக் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"யார்றா இவ? தல வாரி வுட வூட்ல ஒரு ஆளு இல்லியா?" என்றாள். அப்புறம் அவனிடம் சீப்பு கேட்டாள்.

"பெரியம்மா, தல நிக்கல" என்றான் மருதமுத்து இப்போது.

திருவதிகையிலிருந்து வந்திருந்த பெரியம்மா வீராயி, ஊரில் எந்தச் சாவுக்கும் சட்டம் சொல்கிறவள், பக்கத்தில் வந்து பார்த்தாள். "தல கெடக்குதுடா. கண்ணு மூடியிருக்குதே, அதுக்கு இன்னா பண்ணப்போற? கண்ணு மூடுன படத்த மாட்டுனா வூடு வெளங்குமா?"

"கவலப்படாதீங்க ஆயா" என்றான் கொளஞ்சிநாதன். "பிரிண்ட் போட்டப்பறம் நான் பிரஷ்ல தெறந்துடறேன். உசுரோட இருக்கறாப்பல இருக்கும்."

"எப்படித் தெறப்ப?" என்று மருதமுத்து கேட்டான்.

"அதெல்லாம் எங்கிட்ட வுட்ருங்க."

சாயம் போகிற துணியை விற்கும்போது மருதமுத்து பேசுகிற குரல் அது. தன் குரலை அடுத்தவன் வாயில் கேட்க அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பிணத்தின் தாடையைப் பிடித்தபடியே பேரத்தில் இறங்கினான்.

"சுத்தி வெள்ள தெரியக்கூடாது. கீழ பாக்கறாப்பல, பாதிதான் தெறந்திருக்கணும்."

"பாதின்னா தூங்குமூஞ்சியாட்டம் இருக்கும். முக்காவாசி வெச்சிக்கலாம்."

"பாதி."

"பாதிக்கு மேல ஒரு கோடு."

"பாதின்னா பாதிடா."

"சரிங்க மொதலாளி. பாதி."

சட்டென்று இறங்கி வந்துவிட்டான். அப்படி இறங்குகிறவன் சரக்கில் கை வைப்பான் என்பது மருதமுத்துவுக்குத் தெரியும். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பாடை கட்டியாகிவிட்டது.

"கழுத்துக்குப் பின்னால குச்சி ஒண்ணு குடுத்தா தல நிக்கும்" என்றார் யூசுப்.

"வேணாம் பாய். சாயட்டும். அப்படியே எடுங்க."

அவன் விரலை எடுத்தான். தலை மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து நின்றது. வாசற்படியில் நின்ற அம்சவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கருமாதியன்று காலை, பழைய செய்தித்தாளில் சுற்றிய படத்தோடு கொளஞ்சிநாதன் வந்தான். "தண்ணி மைதான் போட்ருக்கேன். ஈரம் படாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே, கூடத்தில் எல்லார் நடுவிலும் பிரித்தான்.

படிந்த தலை. இறுக்கிய பின்னல். தாடையில் மச்சம். அவற்றுக்கு நடுவே இரண்டு உரித்த முட்டைகள்.

"ஐயோ, அப்படியே எழுந்து வந்தாப்பல இருக்குது" என்றாள் வீராயி. பந்தியில் முந்தி உட்கார வந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "அச்சு அசலா அவளேதான்" என்றார். அவர் சாமியம்மாளை உயிரோடு ஒருதடவைகூடப் பார்த்ததில்லை, தட்டியைத்தான் பார்த்திருந்தார். அம்சவல்லி பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

"பாதின்னுதானடா பேச்சு" என்றான் மருதமுத்து.

"பாதிதான் மொதலாளி மொதல்ல போட்டேன். சத்தியமா. ஸ்டூடியோவுல காய வெச்சிருந்தேன், வரவங்க போறவங்க ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. யாரோ டீச்சரம்மான்றாங்க. சரி, பாவம், வூட்டுக்காரங்க வருத்தப்படுவாங்களேன்னு தெறந்து வுட்டேன். ஒடனே கண்டுபுடிச்சிட்டாங்க."

அவன் முகத்தில் கபடம் இல்லை. நல்ல வேலை செய்தவனின் நிம்மதிதான் இருந்தது. அடிக்கலாம் என்று ஓங்குவதற்குக்கூட அந்த முகத்தில் இடமில்லை. சாம்பார் வாசனை, ஊதுவத்தி, அந்த வெற்றிலைச் சிரிப்பு, கூடம் நிறைய ஆமோதிக்கிற தலைகள்.

அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போனான். பின்பலகையின் ஆணிகளை நெம்பினான். கண்ணாடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தான். துண்டின் நுனியைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தான்.

"டேய், இன்னா பண்ற? கண்ணு இல்லாத படத்த வூட்ல..." என்று வீராயி பின்னாலேயே வந்தாள்.

"கண்ணு இருக்குது பெரியம்மா. மூடிக்கினு இருக்குது."

வெள்ளை முதலில் வந்தது, பிறகு கருமை. துண்டு அழுக்கானது. அழுத்தாமல், குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி துடைத்தான். இமைகள் ஒவ்வொன்றாக அடியிலிருந்து வந்தன. மச்சத்துக்குப் பக்கத்தில் துண்டு போகாமல் பார்த்துக்கொண்டான்.

கண்ணாடியை மாட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்தான். ஆணி வாசலுக்கு நேரே அடித்திருந்தது. அம்சவல்லி உள்ளேயிருந்து வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இங்க வேணாங்க" என்றாள். "அவுங்க ஒக்கார்ற மூலையில மாட்டுங்க."

மருதமுத்து அந்த ஆணியைப் பிடுங்கி மூலையில் அடித்தான். இடம் குறுகல், சட்டம் பக்கத்துச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. சாய்ந்த தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடம்தான் இருந்தது.